இரைச்சல் நீக்கப்பட்டது

அத்தை என்னிடம் ஒருநாளும் நேராகப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததால்தான் இத்தனையும் நடந்தது.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. பெயர் ஆவுடையம்மாள். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, அதே ஊரில் எங்களோடு இருந்தவர். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் பந்தியில் உட்காரவைத்த குரல் அவருடையது. மருமகன் முன்னால் மட்டும் அந்தக் குரல் கதவுக்குப் பின்னால் போய்விடும். மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

“கோமு, அவிய சட்டைல பொத்தான் விட்டுருக்கு. கழத்திப் போடச் சொல்லு.”

கோமு என் பக்கம் திரும்புவாள். “கேட்டுச்சா, நான் வேற ஒருக்கா சொல்லணுமா?” பிறகு கூரையைப் பார்த்து, “இந்த வேலைக்கு எனக்கு யாரு சம்பளம் தருவா?” என்பாள்.

என் பதிலை நான் கோமுவிடம் சொல்வேன். கதவுக்குப் பின்னால் அத்தை கேட்டுக்கொள்வார். நாலு வருடம் இப்படியே போனது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

கோமு காய்ச்சலில் இறந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மிஞ்சினோம். எங்களுக்கு நடுவில் இருந்த ஒரே வழி அவள்தான். அத்தை சமைத்து மூடி வைப்பார். நான் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவேன். தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அப்புறம் ஒரு காலையில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“கோமு, இட்லி ஆறுதுன்னு சொல்லு.”

நான் கூடத்தில் நின்றேன். அங்கே வேறு யாரும் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெயர் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து அதுவே பேச்சு. அத்தை கோமுவிடம் சொல்வார். நான் செருமுவேன். ஒரு தடவை செருமினால் சரி. இரண்டு தடவை என்றால் வேண்டாம். கோமு என்று எனக்கு எழுத வருகிறது. அப்போதெல்லாம் வாயில் வரவில்லை.

பிறகு மறதி வந்தது. பால் பாத்திரம் கருகியது. அடுப்பு எரிய எரிய அத்தை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டார். ஒருநாள் மழையில் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், அரிசி மூட்டை வந்து இறங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலையின் உச்சியில் இருந்தேன். அதுதான் என் வேலை. இறங்கவே நேரமாகும்.

டாக்டர் முதியோர் நல மையத்துக்குத் தகவல் அனுப்பினார். அனுப்பியாக வேண்டும், இப்போது அது சட்டம். மையத்திலிருந்து ஜெபராணி என்றொரு பெண் வந்தாள். கையகல வட்டப்பெட்டி ஒன்றை அடுக்களைக்கும் கூடத்துக்கும் பொதுவான சுவரில் ஒட்டினாள். ஊரில் அதற்குக் காது என்று பெயர்.

“ஒரு மாசம் இருக்கும் சார். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போல இருங்க. இது கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டதை வெச்சு ஒத்திகை போடும்.”

“என்ன ஒத்திகை?”

“அம்மா மாதிரியே ஒரு அம்மா சார், மெஷினுக்குள்ள. அவங்கள ரெண்டு வருஷம் பகல் இல்லத்துக்கு அனுப்பிப் பாக்கும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சு, ரெண்டு வருஷம் வீட்டுலயே ஆள் வெச்சுப் பாக்கும். எதுல நல்லா இருக்காங்களோ அத நாம நிஜத்துல செய்வோம். முன்னெல்லாம் இல்லமா வீடான்னு குடும்பத்துல அடிதடியே நடக்கும். இப்ப சண்டை கிடையாது.”

“ரெண்டு வருஷம் ஆகுமா?”

“மெஷினுக்கு ஒரு ராத்திரி போதும் சார்.”

அத்தை மோர் டம்ளரோடு வந்து அவளிடம் நீட்டினார். “குடிம்மா, வெயில்ல வந்திருக்க. என்னைய மாதிரி இன்னொருத்திய செய்யப்போறியாமே. அவளாவது மாவாட்டுவாளா?”

ஜெபராணி சிரித்தாள். அத்தை அடுக்களைக்குள் போனார். உள்ளிருந்து குரல் வந்தது. “கோமு, அவியளுக்கும் மோரு ஊத்தி வச்சிருக்குன்னு சொல்லு.”

நான் செருமினேன்.

ஜெபராணி சுற்றிலும் பார்த்தாள். “கோமு யாரு சார்?”

“என் மனைவி.”

“எங்க இருக்காங்க?”

“இல்லை.”

அவள் தலையைக் குனிந்து கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினாள். அப்போதே நான் விளக்கியிருக்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு கேள்விக்கு இரண்டு சொல்லுக்கு மேல் என்னிடம் இருப்பு இல்லை.

மாதம் முடிந்ததும் மையத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, ஒரு ஒலிபெருக்கி. படம் எதுவும் கிடையாது. முகத்தைக் காட்டினால் குடும்பத்தார் உடைந்துபோகிறார்கள் என்று நிறுத்திவிட்டார்களாம்.

“இது பகல் இல்லத்துல ரெண்டு வருஷம் இருந்த அம்மா,” என்றாள் ஜெபராணி.

ஒலிபெருக்கியில் அத்தையின் குரல் வந்தது. அதே கரகரப்பு. “நல்லா இருக்கேன். சாப்ட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “நல்லா இருக்கேன். சாப்ட்டேன்.” வேறு எதுவும் இல்லை.

“இது வீட்டுல ஆள் வெச்சுப் பாத்துக்கிட்ட அம்மா.”

இந்தக் குரல் நிறுத்தாமல் பேசியது. கோமு, சோறு வெந்துட்டா பாரு. கோமு, கதவத் தட்டுதாவ. கோமு, ஏட்டி கோமு. இடையில் பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. என் அத்தை காத்திருப்பார்.

“பேசுங்க சார். பதில் சொல்வாங்க.”

என்ன பேச? நான் செருமினேன். குரல் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஜெபராணி மைக்கில் குனிந்து, “அம்மா, மருமகன் வந்திருக்காரு,” என்றாள்.

“இசக்கிராஜ் தம்பியா? வாங்க தம்பி. நீங்க விட்டுட்டுப் போன பொறவு வீடே வெறிச்சுன்னு கிடக்கு.”

நான் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எங்க போனேன்?”

“அது தெரியாது சார். உங்களையும் சேர்த்துத்தான் ஒத்திகை. ரெண்டுலயும் வருஷம் திரும்புறதுக்குள்ள நீங்க விலகிடறீங்க.”

“ஏன்?”

அவள் தயங்கினாள். நல்ல பெண்தான். “ஒரு மாசத்துல நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல சார். அவங்களும் உங்ககிட்ட பேசல. இறந்துபோன மகள்கிட்டதான் நாள் முழுக்கப் பேசறாங்க. அது நோய் முத்தினதுக்கு அடையாளம். இப்படி இருக்கிற வீட்டுல மருமகன் நிலைக்கிறதில்ல. ஆயிரக்கணக்கான வீடுகளைப் பாத்துதான் மெஷின் சொல்லுது.”

“அவங்க என் மனைவிகிட்ட பேசல. என்கிட்டதான் பேசறாங்க.”

“சார்?”

“அவங்க வழக்கம் அது. நான் பதில் சொல்றேன். செருமுறேன்.”

“செருமல், இருமல், குக்கர் விசில், நாய் குரைக்கிறது, இதெல்லாம் மெஷினுக்கு வேண்டாததுதானே சார். முதல் வேலையா இரைச்சலை நீக்கிடும்.”

காற்றாலையிலும் இப்படி ஒன்று உண்டு. இறக்கைகளின் ஒலியைக் கேட்டு எது பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் பெட்டி. ஒருமுறை அடியில் கேட்ட மெல்லிய உரசலைக் காற்று என்று நினைத்து நீக்கிவிட்டது. எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பேரிங் உடைந்து விழுந்தது. ஜெபராணியிடம் இதைச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் சேர்ந்தாற்போல் பேசிய நாலு வாக்கியங்கள் அவை.

“புரியுது சார். ஆனா முடிவு வந்தாச்சு. அம்மாவ ஓசூர்ல இருக்கிற மகன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுது. அவருக்குத் தகவல் போயிடுச்சு. சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நீங்க இல்ல.”

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று மட்டும் உறுத்தியது. நான் போய்விடுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. இருந்துவிடுவேன் என்றும் நினைத்ததில்லை. எதையுமே நினைக்காமல் இருந்தேன். அந்த வெற்றிடத்தில் ஒரு பெட்டி என் முடிவை எழுதி வைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோமு போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம். நன்றாக இருந்தது.

மச்சான் சங்கரலிங்கம் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோமுவின் அண்ணன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பின்சீட்டில் தலையணை, போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் தயாராக இருந்தன.

“எம்மா, கிளம்பு. துணிமணிய எடுத்து வை.”

“ஏல, வந்ததும் வராததுமா என்ன வெரட்டு? கையக் கழுவு. வத்தக்கொழம்பு வச்சிருக்கேன்.”

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை மகனுக்குப் பரிமாறினார். எனக்கு வேண்டியதை மகனின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். வழக்கம்போல நானே எடுத்துக்கொண்டேன்.

“மாப்ள, ஒளிக்காமக் கேக்கேன். தப்பா நெனைக்காதீங்க,” என்றார் மச்சான். “மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, செத்துப்போன மக வீட்டுல எங்கம்மா இருந்தா ஊர்ல என்ன பேசுவான்? மருமவன் சோத்த எத்தன நாளைக்குத் திங்குதான்னு கேப்பான்.”

“அரிசி அத்தை பென்ஷன்ல வாங்குறது. அவங்க சோத்தத்தான் நான் திங்கேன்.”

மச்சான் சிரிக்கவில்லை. “சரி. உங்களுக்கு முப்பத்திரண்டு வயசு. நாளைக்கு இன்னொரு கல்யாணம் வரும். வரணும். நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். வாரவ எங்கம்மாவ வச்சுப் பாப்பாளா?”

“கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் அத்தை இங்கதான்.”

“அது நீங்க சொல்லுதீங்க. மெஷின் வேற சொல்லுதே.”

“மெஷினுக்கு என்னைத் தெரியாது.”

“உங்களுக்கே உங்களத் தெரியுமா மாப்ள? கோமு போனதுலேருந்து நீங்க ஒரு ஆளாவா இருக்கீங்க?”

சாதத்தைப் பிசைந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கோமு, அவியள மொதல்ல சவரம் பண்ணச் சொல்லு. பொறவு பொண்ணு பாக்கலாம். இந்தத் தாடியப் பாத்தா எவ வருவா?”

மச்சானின் கை வாயருகே நின்றது. நான் செருமினேன். ஒரு தடவை.

உள்ளே ஒரு டம்ளர் நகர்ந்தது. “சரிங்காவளா? அப்பிடி வழிக்கு வரச் சொல்லு.”

மச்சான் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்து மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, “இதச் சொல்லலையா மாப்ள, அந்த ஆபீஸ்ல?” என்று கேட்டார்.

“சொன்னேன். அது இரைச்சல்ங்காங்க.”

மறுநாள் மூன்று பேரும் மையத்துக்குப் போனோம். ஜெபராணி மேசையில் இன்னொரு காதை வைத்துக்கொண்டு, எங்களுக்காக ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள்.

“ரொம்ப சுலபம்மா. இந்தக் காதுக்கு முன்னாடி, மருமகனப் பாத்து நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க. ‘சாப்ட்டீங்களா’ன்னு. அவரும் பதில் சொல்லட்டும். மெஷின் திருப்பிக் கணக்குப் போடும். முடிவு மாறலாம். நீங்க அங்கயே இருந்துக்கலாம்.”

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “முடியாது.”

“ஒரே ஒரு வார்த்தைம்மா.”

“மருமவன் மூஞ்சியப் பாத்துப் பேச எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எம்மா, ஒரு தடவ சொல்லித் தொலையேன்,” என்றார் மச்சான்.

“நீ சும்மா கிட. உங்கப்பனப் பெத்தவ முன்னால கூட நான் அடங்கினதில்ல. ஒரு டப்பாவுக்காக என் மரியாதைய விடணுமா?”

ஜெபராணி என் பக்கம் திரும்பினாள். “நீங்களாவது சொல்லுங்க சார்.”

“அவங்க முடியாதுன்னுட்டாங்க.”

“நீங்க பேசுங்களேன்.”

“நானும் முடியாது.”

அந்த அறையில் அப்போது எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். முதுகும் முகமுமாக.

மச்சான் பெருமூச்சு விட்டார். “சரிம்மா, அந்த ஒத்திகைய எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டு. எத வச்சு என்கிட்ட கையெழுத்துக் கேக்கீங்கன்னு பாப்போம்.”

யாரைப் பற்றிய ஒத்திகையோ அவர் முன்னால் அதைப் போடக்கூடாது என்பது விதி. ஜெபராணி அத்தையை வெளியே உட்காரச் சொன்னாள். அத்தை எழுந்திருக்கவில்லை. கடைசியில் அப்படியே போட்டாள். முதல் குரல், நல்லா இருக்கேன், சாப்ட்டேன். மச்சானின் முகம் சுருங்கியது. இரண்டாவது குரல், கோமு கோமு என்று. அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த இடம் வந்தது. இசக்கிராஜ் தம்பியா, வாங்க தம்பி.

மச்சான் நிமிர்ந்தார். “நிறுத்து, நிறுத்து. என்ன சொல்லிச்சு?”

ஜெபராணி திருப்பிப் போட்டாள்.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அத்தையோ நாற்காலியைத் திருப்பி ஒலிபெருக்கியை முறைத்தார்.

“இவளா நானு? மருமவனப் பேரச் சொல்லிக் கூப்புடுதா! வாங்க தம்பியாம்ல. எந்த ஊருக்காரி இவ? ஏலே, அந்த டப்பாவ அமத்துங்க. கேக்கவே அசிங்கமா இருக்கு.”

“இது எங்கம்மா இல்ல,” என்றார் மச்சான் ஜெபராணியிடம். சிரிப்பு நின்றுவிட்டது. “ஆயிரம் வீட்டு அம்மாவக் கலந்து நீங்க ஒரு அம்மாவப் பண்ணிருக்கீங்க. அதுக்கு எங்கம்மா குரலப் போட்டிருக்கீங்க. அந்த அம்மாவுக்கு மருமவன் விட்டுட்டுப் போயிருப்பான். போகட்டும். எங்கம்மாவ எங்க மாப்ள பாத்துக்குவாவ. எங்க கையெழுத்துப் போடணும்?”

“சார், மெஷின் பரிந்துரைக்கு எதிரா போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்களோடது.”

“எங்கம்மாவுக்கு ஆச்சுன்னா வேற யாரோட பொறுப்பு?”

போட்டார். ஊர் பேசும் என்பது அவருக்குத் தெரியும்.

“அப்ப பகல் இல்லமா, வீட்டுல ஆளா? அதையாவது சொல்லுங்க,” என்றாள் ஜெபராணி.

மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. காற்றாலைக்குப் போகும் நாட்களில் வீட்டில் ஆள் வேண்டும். ஆள் வைத்தால் அத்தையின் அடுக்களையில் இன்னொருத்தி உட்காருவாள். இல்லத்துக்கு அனுப்பினால் அந்த ‘நல்லா இருக்கேன்’ குரல். தலை வாரிவிடக்கூட என்னால் முடியாது, மருமகன் நான். யோசித்தபோதுதான் உறைத்தது. இத்தனை பேரும் பெட்டியும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

“அத்தையை யாருமே கேக்கலையே,” என்றேன்.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“கோமு, அங்க பகல்ல சோறு எப்பிடிப் போடுதாவன்னு மொதல்ல பாத்துட்டு வாரேன்னு சொல்லு. நேரத்துக்குப் போட்டா இருப்பேன். இல்லன்னா வீடு.”

பகல் இல்லம் பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. மணமேடையில் கேரம் போர்டு. பந்திக் கூடத்தில் நீள பெஞ்சுகள். முதல் நாள் நானும் கூடப் போனேன். பெரியவர்கள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பரிமாறும் பெண் ஒருத்திதான். ஒரு முனையில் தொடங்கி அவள் மறுமுனைக்கு வருவதற்குள் சோறு ஆறிவிடும். கடைசி பெஞ்சில் ஒரு தாத்தா தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை சிறிது நேரம் பார்த்தார். எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

“இப்பிடிப் போட்டா விடிஞ்சிரும்மா. நடுவுலேருந்து ஆரம்பி. நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம். ஏய் தாத்தா, தட்டக் கீழ வையும்! நீரு என்ன ஒண்ணாங் கிளாஸா?”

தாத்தா தட்டைக் கீழே வைத்தார். கூடம் முழுவதும் சத்தம் அடங்கியது. எனக்கு அந்தக் குரல் கதவு இல்லாமல் கேட்டது அன்றுதான்.

ஒத்திகையில் அங்கே இரண்டு வருடம் ஊமையாக உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் யாரும் கரண்டியைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அத்தை இருப்பதாகச் சொல்லிவிட்டார். காலையில் வேன் வரும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். வீட்டு அடுப்பில் தானாக அணையும் கருவி ஒன்றை மாட்டினேன். தலை பின்ன எதிர்வீட்டு அக்கா வருவார். ராத்திரிச் சாப்பாட்டின்போது கதவுக்குப் பின்னாலிருந்து அன்றைய செய்தி வரும். கோமு, தாத்தா பாயசத்த ரெண்டு வாட்டி வாங்கிட்டு இல்லங்கான். கோமு, அந்தப் பரிமாறுத பொண்ணுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வச்சிருக்கா, அவியளும் வரணுமாம். நான் செருமுவேன். சவரம் செய்துகொண்டேன். கல்யாணத்துக்குப் போனேன்.

மறதி நிற்கவில்லை. மெதுவாக வந்தது. சில நாள் உப்பு இல்லை. சில நாள் இரண்டு மடங்கு. இரண்டையும் சாப்பிட்டேன்.

காது மட்டும் சுவரிலேயே இருந்தது. பரிந்துரைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்களின் வீட்டில் இருந்தாக வேண்டுமாம். அது அவ்வப்போது என் போனுக்குச் செய்தி அனுப்பும். உறவு நிலை: பலவீனம். எச்சரிக்கை. நான் படித்துவிட்டு அழித்துவிடுவேன்.

வருடம் திரும்பியபோது ஜெபராணி போன் செய்தாள்.

“சார், ஒத்திகைப்படி நீங்க இந்நேரம்…” இழுத்தாள். “இன்னும் அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“எனக்கு சந்தோஷம் சார்,” என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

“மெஷின்கிட்டயும் சொல்லிருங்க.”

அதற்கு அடுத்த ஆடியில் ஒரு காலை. வேன் வரும் நேரம். கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. கதவருகே நிற்கவில்லை. தாண்டி வந்தது.

நிமிர்ந்தேன். அத்தை என் முன்னால் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் கோமுவின் கண்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“யாரு தம்பி, எம் மவன் சங்கரலிங்கத்தப் பாக்க வந்திருக்கீங்களா? சாப்ட்டீங்களா?”

குரலில் அவ்வளவு கனிவு. வழியில் வந்த எந்தப் பையனிடமும் காட்டும் கனிவு.

சுவரில் காது பச்சையாக மின்னியது. போன் அதிர்ந்தது. உறவு நிலையில் சிறந்த முன்னேற்றம், நேரடி உரையாடல் தொடங்கியுள்ளது, வாழ்த்துகள்.

நான் செருமினேன்.

“என்ன தம்பி, தொண்டைல என்னமும் இருக்கா? தண்ணி தரட்டா?”

மறுபடி செருமினேன். அவருக்கு அது வெறும் செருமல்தான். அவர் கவலையோடு இன்னும் ஓரடி கிட்டே வந்தார். நான் ஒரு ஷூவோடு எழுந்து நின்றேன். போய்விடலாம் போலிருந்தது. வாசல் பக்கத்தில்தான் இருந்தது. பெட்டி சொன்னது இதுவாகத்தான் இருக்கும், இந்த நிமிடம்தான் என்று தோன்றியது.

திரும்பி நின்றேன். அவரைப் பார்க்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தேன்.

“கோமு,” என்றேன்.

வந்துவிட்டது. கரகரத்து, உடைந்து, ஆனால் வந்துவிட்டது.

“கோமு, நான் இன்னும் சாப்பிடலன்னு அத்தைகிட்ட சொல்லு. இட்லி ஆறிடும்.”

அத்தை அசையவில்லை. நாற்காலியைப் பார்த்திருப்பார். என் முதுகைப் பார்த்திருப்பார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் வேன் ஹாரன் அடித்தது. அவர் வாசல் பக்கம் போகவில்லை. பிறகு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தும் சத்தம் கேட்டது. காலடி பின்னால் நகர்ந்தது. ஒன்று, இன்னொன்று. கதவின் கீல் முனகியது.

“கோமு,” என்றது குரல் கதவுக்குப் பின்னாலிருந்து. “சட்னி மேடைல இருக்குன்னு சொல்லு. காரம் கம்மிதான்.”

போன் மறுபடி அதிர்ந்தது. கடும் பின்னடைவு. இருவரும் இறந்தவரிடம் பேசுகிறார்கள்.

இருவரும் என்று போட்டிருந்தது. அந்தக் காது எங்களை ஒன்றாக எண்ணியது அதுவே முதல் முறை.

ஒரு தடவை செருமிவிட்டு, போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.